கெதார்: சொல் உதைக்கும் இடங்களும் சரிசெய்யும் வழிகளும்

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கிய முதல் மாதத்தில் எல்லோரும் சேர், எஸ்தார் என்ற இரண்டு வினைகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். இரண்டுக்கும் 'இரு' என்றுதான் பொருள். எதை எங்கே போடுவது என்பதில்தான் சண்டை. அதற்குப் பாடப்புத்தகங்களில் பக்கம் பக்கமாக மருந்து உண்டு. ஆறேழு மாதம் கழித்து, ஓரளவு பேச்சு வந்த பிறகு பிடிக்கும் நோய் வேறு. அதன் பெயர் கெதார் (quedar).

அகராதியைத் திறந்தால் தங்கு, மிஞ்சு, அமைந்திரு, பொருந்து, ஆகு, ஒப்புக்கொள், சந்திக்க ஏற்பாடு செய், வைத்துக்கொள் என்று பொருள்கள் வால்போல நீள்கின்றன. வினை வடிவங்களில் எந்தச் சிக்கலும் இல்லை. 'ஆர்' என்று முடியும் சாதுவான வினைகளைப் போலவே இதுவும் திரியும். தொல்லை முழுவதும் இதைச் சுற்றி நிற்கும் சிறிய சொற்களில் இருக்கிறது. முன்னால் 'மே' (எனக்கு, என்னை) வந்தால் ஒரு பொருள், பின்னால் 'கோன்' (ஓடு, உடன்) வந்தால் வேறு பொருள், இரண்டும் சேர்ந்து வந்தால் மூன்றாவது பொருள்.

அதனால் பொருள்களை வரிசையாக ஒப்பிக்காமல், எங்கே உதைக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு நேர்ந்த தவறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் இரண்டு விஷயங்கள்.

முதலாவது, வேர். லத்தீனில் 'அமைதிப்படுத்து, அடக்கு' என்ற பொருளுடைய குயேத்தாரே என்ற வினைதான் ஸ்பானியத்தில் கெதார் ஆனது. ஊரடங்கு உத்தரவுக்கு ஸ்பானியத்தில் 'தோக்கே தே கேதா' என்று பெயர். இரவில் எல்லோரும் வீடடங்க வேண்டும் என்று மணியடித்த காலத்துச் சொல். அதே நிலைமைக்கு நாமும் 'அடங்கு' என்ற வினையைத்தான் பிடித்திருக்கிறோம். ஊர் அடங்குவதைப் போல, ஓடிக்கொண்டிருந்த ஒன்று ஓய்ந்த பிறகு நிற்கும் நிலையைச் சொல்வது கெதார். செலவு அடங்கிய பின் நிற்பது மிச்சம். பேச்சு அடங்கிய பின் நிற்பது முடிவு. சட்டையைப் போட்டு இழுத்துச் சரிசெய்த பின் நிற்பது பொருத்தம். மேலே சொன்ன வால் முழுவதும் இந்த ஒரு முளையில்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, எழுதும் முறை. அழுத்தம் விழும் இடத்தை நெடிலால் காட்டியிருக்கிறேன். 'கேதோ' என்றால் முதலெழுத்தில் அழுத்தம். அது 'நான்' என்ற நிகழ்காலம். 'கெதோ' என்றால் கடைசியில் அழுத்தம். அது 'அவன்' என்ற இறந்தகாலம். சொல்லின் கடைசியில் வரும் நெடிலை மட்டும் பொருட்படுத்த வேண்டாம். தமிழில் குறில் ஒகரத்திலோ எகரத்திலோ சொல்லை முடித்தால் கண்ணுக்கு உறுத்தும் என்பதால் போட்டது.

அறிகுறி: சரியாகத்தான் சொல்கிறேன், ஆனாலும் "என்ன?" என்று கேட்கிறார்கள்

ஆங்கிலப் பழக்கத்தில் நடு எழுத்தை 'ட' ஆக்கி 'கெடார்' என்கிறீர்கள். ஸ்பானியத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே அந்த எழுத்து மென்மையாக, ஏறக்குறைய 'அது', 'கதை' என்பவற்றில் நாம் ஒலிக்கும் த போல வரும். ஆங்கிலேயர்கள் இந்த ஒலிக்காக மாதக்கணக்கில் நாக்கை வளைக்கிறார்கள். நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைத் தேடிப் போக வேண்டாம். முதலெழுத்திலும் 'க்வெ' வேண்டியதில்லை. எழுத்தில் தெரியும் 'யூ' ஊமை. வெறும் 'கெ' போதும்.

அறிகுறி: "என்னிடம் பத்து யூரோ மிச்சம்" என்றேன், எதிரே இருந்தவர் விழித்தார்

நீங்கள் சொன்னது: "கேதோ தியேஸ் எயூரோஸ்."

இதில் நீங்களே மிச்சமாகிவிட்டீர்கள். மிஞ்சியது பணம், எழுவாய் அதுதான். உங்களுக்கு உரிய இடம் நான்காம் வேற்றுமை, அதாவது 'மே'. "மே கேதன் தியேஸ் எயூரோஸ்" என்பதே சரி. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குத் தெரியும்', 'எனக்கு இன்னும் இரண்டு நாள் விடுமுறை இருக்கிறது' என்று வாழ்நாள் முழுவதும் பேசிவந்தவருக்கு இந்த அமைப்பு புதிதே இல்லை. ஆங்கிலத்தின் 'ஐ ஹேவ்' நடுவில் புகுந்துதான் கெடுக்கிறது. ஸ்பானிய வாக்கியத்தைக் கட்டும்முன் மனதில் தமிழ் வாக்கியத்தை ஓட்டிப் பாருங்கள். அதில் 'எனக்கு' வந்தால் 'மே' போடுங்கள். பத்துக்கு எட்டு தடவை தப்பிக்கலாம்.

தமிழ் காலை வாரும் இடமும் இதே வாக்கியத்தில் உண்டு. அஃறிணைப் பன்மைக்கு நாம் 'பத்து ரூபாய் இருக்கிறது' என்று ஒருமை வினையோடு நிறுத்திக்கொள்வோம். 'இருக்கின்றன' எழுத்தில்தான் எட்டிப் பார்க்கும். அந்தப் பழக்கத்தில் "மே கேதா தியேஸ் எயூரோஸ்" என்று வாயில் வரும். ஸ்பானியர்கள் காதில் அது உடனே இடறும். பொருள் பன்மையானால் கேதன், ஒருமையானால் கேதா: "மே கேதா போக்கோ தினேரோ", எனக்குக் கொஞ்சம் பணம்தான் மிச்சம். நான் பல மாதம் செய்த தவறு இது. திருத்தியவர் ஒரு காய்கறிக் கடைக்காரர். தக்காளி எத்தனை கிலோ மிச்சம் என்று நான் கேட்டபோதெல்லாம் அவர் விலையைச் சொல்வதற்குமுன் "கேதன், கேதன்" என்று முணுமுணுப்பார்.

'எனக்கு வேறு வழியில்லை' என்பதற்கும் இதே அச்சு: "நோ மே கேதா ஓத்ரா." வேறொன்றும் எனக்கு மிஞ்சவில்லை.

அறிகுறி: தோழியைச் சந்திக்கப் போவதாகச் சொன்னேன், சிரித்தார்கள்

"மே கேதோ கோன் மரியா ஆ லாஸ் ஓச்சோ" என்று சொல்லியிருப்பீர்கள். எட்டு மணிக்கு மரியாவைச் சந்திக்கிறேன் என்பது உங்கள் எண்ணம். அவர்கள் காதில் விழுந்தது: எட்டு மணி முதல் மரியாவை நானே வைத்துக்கொள்கிறேன். கடையில் இரண்டு சட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் பேசும் பேச்சு அது.

கோளாறு 'மே'யில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் போதும்: "ஏ கெதாதோ கோன் மரியா ஆ லாஸ் ஓச்சோ." தமிழில் இதற்கு மிக அருகில் இருப்பது 'பேசிவைத்திருக்கிறேன்'. மரியாவோடு எட்டு மணிக்கென்று பேசிவைத்திருக்கிறேன். சந்திப்பது என்ற சொல்லே வாக்கியத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பேச்சு ஓய்ந்து ஒரு முடிவில் நின்றது என்பது மட்டும்தான் இருக்கிறது. மற்றதைக் கேட்பவர் புரிந்துகொள்வார். 'கெதார்' என்று சொல்லிவிட்டு 'சந்திக்க' என்று இன்னொரு வினையைத் தேடுபவர்கள் வீண் உழைப்பு உழைக்கிறார்கள்.

இது ஸ்பெயினின் அன்றாடச் சொல். மெக்சிகோவில் "கெதாமோஸ் தே வேர்னோஸ்" என்று 'ஒருவரையொருவர் பார்க்க' என்ற வினையையும் வெளிப்படையாகச் சேர்த்துச் சொல்வார்கள். ஸ்பெயினில் அந்த 'தே' வராது, 'என்' வரும்: "ஏமோஸ் கெதாதோ என் வேர்னோஸ்." இந்த 'என்' இன்னொரு பொறி. பின்னால் வினை வந்தால் ஒப்பந்தம். இடப்பெயர் வந்தால் இடம். "கெதாமோஸ் என் சோல்" என்றால் மாட்ரிட் நகரின் நடுச்சதுக்கமான புவெர்த்தா தெல் சோலில் சந்திப்போம் என்று பொருள். அந்தச் சதுக்கத்தில் மத்ரோஞோ மரத்தில் முன்னங்கால்களை ஊன்றி நிற்கும் கரடிச் சிலை ஒன்று இருக்கிறது. 1967இல் வைத்தது, நகரின் சின்னமும் அதுவே. ஸ்பெயினின் நெடுஞ்சாலைகளை அளக்கத் தொடங்கும் பூஜ்ஜியம் கிலோமீட்டர் கல்லும் அங்கேதான் தரையில் பதிந்திருக்கிறது. முதல் தடவை நான் கல்லருகே நாற்பது நிமிடம் நின்றேன், நண்பர் கரடியருகே நாற்பது நிமிடம் நின்றார். இலக்கணம் சரியாக இருந்தும் சந்திப்பு நடக்காமல் போவது உண்டு.

கிளைக்கோளாறு ஒன்று: "கெதாமோஸ் ஆ லாஸ் ஓச்சோ" என்று செய்தி வருகிறது. பேசியாயிற்றா, இனிமேல்தான் பேச வேண்டுமா? 'நாம்' வடிவத்தில் நிகழ்காலமும் இறந்தகாலமும் ஒன்றே. கேள்விக்குறி இருந்தால் யோசனை. இல்லாவிட்டால் முடிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். "அபீயாமோஸ் கெதாதோ ஆ லாஸ் ஓச்சோ" என்று வந்தால் மட்டும் இலக்கணத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். 'எட்டு மணிக்கென்று பேசியிருந்தோமே' என்று பொருள். அதைச் சொல்பவர் ஏற்கெனவே காத்து நிற்கிறார்.

அறிகுறி: வீட்டில் இருந்தேன் என்றேன், "யாரோடு?" என்று கேட்டார்கள்

மேலே சொன்ன தவறின் மறுபக்கம். "ஏ கெதாதோ என் காசா" என்றால் வீட்டில் யாரையோ சந்திக்கப் பேசிவைத்திருப்பதாகப் படும். தங்கினேன் என்பதற்கு 'மே' வேண்டும்: "மே ஏ கெதாதோ என் காசா." போகலாமா இருக்கலாமா என்ற நிலையில் இருந்துவிட்டேன் என்ற சாயலை அந்தச் சிறு சொல்தான் தருகிறது.

2020 மார்ச் 14 அன்று ஸ்பெயின் அரசு கொரோனாவுக்காக நெருக்கடி நிலையை அறிவித்த நாட்களில் எங்கும் ஒலித்த வாசகம் "கேததே என் காசா". வீட்டிலேயே இரு. கடைசி 'தே' அந்த 'மே'யின் முன்னிலை வடிவம். கட்டளையில் வாலாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. தமிழ்க் காதுக்கு 'என் காசா?' என்று கேட்கும். அப்படிக் கேட்டே மனதில் வைத்துக்கொண்டால் மறக்காது.

அறிகுறி: துணிக்கடையில் வாய் குழறுகிறது

மூன்று வாக்கியங்கள் ஒரே முகத்தோடு வந்து நிற்கும் இடம் இது. நிதானமாகப் பார்ப்போம்.

கண்ணாடி முன் நிற்கிறீர்கள். "கோமோ மே கேதா?" எனக்கு எப்படி இருக்கிறது? எழுவாய் சட்டை, நீங்கள் 'எனக்கு'. பெரிதாக இருந்தால் "மே கேதா க்ராந்தே". இதை "எஸ்தோய் க்ராந்தே" என்று சொன்னால் சட்டை தப்பித்துக்கொள்ளும், நீங்கள் பெரிதாகிவிடுவீர்கள். காற்சட்டை ஸ்பானியத்தில் பெரும்பாலும் பன்மையாகப் பேசப்படுவதால் அதற்குக் கேதன்: "மே கேதன் லார்கோஸ்", நீளமாக இருக்கிறது. பொருந்தினால் விற்பவர் "தே கேதா பியேன்" என்பார். பொருந்தாவிட்டாலும் சொல்வார், அது வேறு விஷயம்.

வாங்க முடிவு செய்துவிட்டீர்கள். "மே லா கேதோ." நானே எடுத்துக்கொள்கிறேன். இங்கே எழுவாய் நீங்கள், சட்டை செயப்படுபொருள். பெண்பால் சொல் என்பதால் 'லா', ஆண்பாலானால் 'லோ'. தமிழின் 'கொள்' என்ற துணைவினை செய்யும் வேலையைத்தான் இங்கே 'மே' செய்கிறது. எடு, எடுத்துக்கொள், வை, வைத்துக்கொள். 'கோன்' சேர்த்து "மே கேதோ கோன் எஸ்தா" என்றும் சொல்லலாம், பலவற்றில் இதை என்ற அழுத்தத்தோடு. மரியா சிக்கிக்கொண்டது இந்த வாக்கியத்தில்தான்.

'லா'வை விழுங்கிவிட்டு "மே கேதோ" என்று மட்டும் சொன்னால், நான் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று ஆகும். கடை மூடும் நேரத்தில் சொல்லாதீர்கள்.

ஆக, கேதா என்றால் சட்டை பேசுகிறது. கேதோ என்றால் நீங்கள் பேசுகிறீர்கள். சிக்கல் வந்தால் கடைசி உயிரெழுத்தைப் பாருங்கள். சில்லறை வேண்டாம் என்றால் "கேதேசே கோன் எல் காம்பியோ", மிச்சத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தம் துணியோடு நிற்பதில்லை. ஒருவருக்குப் பதவி தாங்கவில்லை என்றால் "எல் புவேஸ்தோ லே கேதா க்ராந்தே", பதவி அவருக்குத் தொளதொளவென்று இருக்கிறது. அரசியல் பேச்சில் அடிக்கடி காதில் விழும்.

அறிகுறி: "சாவி எங்கே?" என்று கேட்டால் திருத்துகிறார்கள்

"தோந்தே கேதா லா எஸ்தாசியோன்?", நிலையம் எங்கே இருக்கிறது என்பது சரி. சாவிக்கும் பூனைக்கும் தம்பிக்கும் இந்தக் கேள்வி பொருந்தாது. நகராமல் ஓரிடத்தில் அமைந்த கட்டடம், தெரு, ஊர் இவற்றுக்கு மட்டும்தான். மற்றதற்கெல்லாம் எஸ்தார். லத்தீன் அமெரிக்காவில் வழி கேட்க கேதா தாராளமாக வரும். ஸ்பெயினில் எஸ்தாரே முந்திக்கொள்ளும், ஆனால் "மே கேதா லேஹோஸ்", எனக்கு அது தூரம் என்பது அங்கும் இயல்பு. சந்தேகம் வந்தால் எஸ்தார் போடுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அறிகுறி: 'ஆனான்' என்று சொல்ல எந்த வினையை எடுத்தாலும் தப்பாகிறது

நீளமான வைத்தியம் வேண்டிய இடம் இது. தமிழில் 'ஆகு' என்ற ஒரு வினை எல்லாவற்றையும் சமாளித்துவிடும். ஸ்பானியம் அந்த வேலையை நான்கைந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. இவற்றின் வாலில் வரும் 'சே', நாம் பார்த்த 'மே'யின் படர்க்கை வடிவம். முகம் சிவந்தது என்ற கணநேர மாற்றத்துக்கு போனேர்சே: "சே பூசோ ரோஹோ." ஆளே மாறிப்போனான், பைத்தியமானான் என்பதற்கு வோல்வேர்சே: "சே வோல்வியோ லோக்கோ." படித்து மருத்துவரானான் என்று முயன்று அடைந்ததற்கு ஆசேர்சே: "சே ஈசோ மேதிக்கோ." ஒன்று நடந்து முடிந்து, அதன் பிறகு எஞ்சிய நிலைக்கு கெதார்சே: "சே கெதோ சியேகோ", பார்வை போய்விட்டது.

கெதார்சேவின் கையில் வருபவை பெரும்பாலும் இழப்புகள். காது கேளாமல் போவது, முடி கொட்டிப்போவது, துணையை இழப்பது, தனியாகிப்போவது, பேச்சடைத்துப்போவது. இந்தத் தமிழ்ச் சொற்களின் வாலைப் பாருங்கள். போ, போ, போ. தமிழில் 'போ' என்ற துணைவினை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களில் கெதார்சேவை முயன்று பாருங்கள். விதி என்று இதைச் சொல்ல மாட்டேன். 'பயந்துபோனேன்' என்பதற்கு வேறு வினை உண்டு, இன்னும் பல ஓட்டைகளும் உண்டு. ஆனால் எனக்கு இதைவிட நல்ல கைவிளக்கு கிடைக்கவில்லை.

விளக்கு மிக நன்றாக எரியும் இடம் தூக்கம். தாமதமாக வந்துவிட்டு "போர்கே தோர்மீ" என்று காரணம் சொன்னால், 'ஏனென்றால் தூங்கினேன்' என்று திமிராக ஒலிக்கும். எல்லோரும்தான் தூங்குகிறோம். "போர்கே மே கெதே தோர்மீதோ" என்றால் 'தூங்கிப்போய்விட்டேன்'. என் கையில் இல்லை, அசந்துவிட்டேன் என்ற மன்னிப்பு அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. பெண் பேசினால் தோர்மீதா. தமிழில் 'நான்' என்று பேசும்போது ஆண், பெண் வேறுபாடு வினையில் தெரியாது என்பதால் இந்த 'தோ', 'தா' நழுவிவிடும். என்னோடு படித்த பெண்கள் பலர் மாதக்கணக்கில் ஆண்பாலில் தூங்கினார்கள்.

அடுத்து 'இல்லாமல் போவது'. சொல்லுக்குச் சொல் அப்படியே பொருந்தும்: கெதார்சே, பிறகு 'சின்'. "சே கெதோ சின் த்ரபாஹோ", அவனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. "மே ஏ கெதாதோ சின் பாத்தெரீயா", என் கைபேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. தமிழில் இங்கே 'அவனுக்கு' என்று நான்காம் வேற்றுமை வருகிறது. ஸ்பானியத்தில் அவனே எழுவாய். நான்காம் வேற்றுமைக் கைத்தடி உதவாத இடங்களில் இது முக்கியமானது; குறித்துக்கொள்ளுங்கள்.

'சே' தேவையா இல்லையா என்ற கேள்விக்கு ஒரு நடைமுறை பதில்: விபத்தில் நொறுங்கிய கார், இடிந்த கட்டடம் போன்றவற்றுக்குச் செய்தித்தாள்கள் 'சே' இல்லாமல் எழுதும். "எல் கோச்சே கெதோ தெஸ்த்ரோசாதோ." பந்தயத்தில் எந்த இடத்தைப் பிடித்தீர்கள் என்பதற்கும் வேண்டாம். "கெதே செகுந்தோ", இரண்டாவதாக வந்தேன். மனிதர்களுக்கு நேரும் இழப்புகளில் ஸ்பெயின் 'சே' போடும், லத்தீன் அமெரிக்கா பல இடங்களில் விட்டுவிடும். கர்ப்பமானாள் என்பது அங்கே "கெதோ எம்பராசாதா", இங்கே "சே கெதோ எம்பராசாதா". அந்தச் சொல்லை ஆங்கிலச் சாயல் பார்த்து 'வெட்கப்பட்டேன்' என்று நினைத்துப் பயன்படுத்தி மாட்டியவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. ஆண் ஒருவர் சொன்னால் வகுப்பு அன்று அதோடு முடிந்தது.

இந்த வரிசையில் பழைய வசைமொழி ஒன்றும் காதில் விழலாம். திருமணமாகாமல் இருந்துவிட்ட பெண்ணை "கெதார்சே பாரா வெஸ்தீர் சாந்தோஸ்" என்பார்கள். கோயில் புனிதர் சிலைகளுக்கு உடை உடுத்த மிஞ்சியவள் என்று பொருள். புரிந்துகொள்ள மட்டும். சொல்ல வேண்டாம்.

அறிகுறி: சமையலைப் பாராட்டினார்களா, என்னைப் பாராட்டினார்களா என்று தெரியவில்லை

"தே ஆ கெதாதோ முய் ரீக்கோ" என்றால் சமையல் உங்களுக்கு நன்றாக வந்திருக்கிறது. லத்தீன் அமெரிக்காவில் "தே கெதோ முய் ரீக்கோ". செய்து முடித்த வேலை எப்படி அமைந்தது என்பது. தமிழில் 'வந்திருக்கிறது' என்போம். உப்புக் கூடிவிட்டால் "லா சோப்பா மே கெதோ சலாதா".

இதில் உள்ள 'தே', 'மே' போய், ஆளே எழுவாயாகிவிட்டால் பேச்சு மானத்தைப் பற்றியது. "கெதே மால் கோன் மி சுவேக்ரா", மாமியாரிடம் என் பெயர் கெட்டுவிட்டது. நல்ல பெயர் வாங்குவது கெதார் பியேன். பிறர் முன்னால் நமக்கு எஞ்சும் பெயர் என்று வைத்துக்கொண்டால் வேரோடு பொருந்துகிறது. 'சூப்புக்கு உப்புக் கூடிவிட்டது' என்பதும் 'மாமியாரிடம் பெயர் கெட்டது' என்பதும் ஒரே வினையில், பல நேரம் ஒரே மாலையில் நடக்கும்.

அறிகுறி: டிக்கெட் கவுன்ட்டர், நாட்கணக்கு, அறிவிப்புப் பலகை

இவை எளிது. "நோ கேதன் பியெத்தேஸ்", டிக்கெட் தீர்ந்துவிட்டது. 'நோ ஐ' என்றாலும் புரியும். அது வெறும் 'இல்லை', இது 'இருந்து தீர்ந்தது'. வேடிக்கை என்னவென்றால், காளைச்சண்டை அரங்குகளில் எல்லாம் விற்றுத் தீர்ந்ததும் தொங்கவிடும் புகழ்பெற்ற பலகை "நோ ஐ பியெத்தேஸ்" என்றுதான் சொல்கிறது.

"கேதன் தோஸ் தீயாஸ் பாரா நவிதாத்", கிறிஸ்துமசுக்கு இன்னும் இரண்டு நாள். எதற்காக என்றால் பாரா. இன்னும் செய்யாமல் கிடக்கும் வேலை என்றால் போர்: "கேதன் முச்சாஸ் கோசாஸ் போர் ஆசேர்."

பலகையில் "கேதா ப்ரோஹிபீதோ ஃபுமார்" என்று இருந்தால் மிச்சமோ பொருத்தமோ தேட வேண்டாம். 'இத்தால் தடைசெய்யப்படுகிறது' என்ற நம் அரசாணை நடைக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல். இந்தக் கணம் முதல் இதுவே நிலை என்ற தோரணை. புகைப்பதை நிறுத்திவிட்டு வாக்கியத்தை அலசலாம்.

அறிகுறி: உண்மையைச் சொன்னேன், "தே எஸ்தாஸ் கெதாந்தோ கோன்மீகோ?" என்றார்கள்

சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'என்னை வைத்துக்கொள்கிறாயா' என்று வந்து திகைக்க வைக்கும். பதற வேண்டாம். 'என்னை வைத்து விளையாடுகிறாயா?' என்பதுதான் பொருள். தமிழிலும் அதே 'வைத்து' வந்து உட்கார்ந்திருப்பது தற்செயல்தான், ஆனால் நினைவில் நிறுத்த நல்ல ஆணி. ஸ்பெயினின் பேச்சு வழக்கு. அலுவலக மேலாளரிடம் எடுத்து வீச வேண்டாம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது "என் கே கெதாமோஸ்?". முதலில் வருகிறேன் என்றாய், பிறகு வரவில்லை என்றாய், இப்போது மறுபடி வருகிறேன் என்கிறாய். கடைசியில் என்னதான் முடிவு? அந்தச் சலிப்பு முழுவதும் இந்த மூன்று சொல்லில் இருக்கிறது. பதில் கேட்டுத்தான் கேட்கிறார்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

அறிகுறி: சந்திக்கலாம் என்றார்கள், மூன்று மாதமாகச் செய்தி இல்லை

அவர்கள் சொன்னது "ஆ வேர் சி கெதாமோஸ்" என்றால் உங்கள் ஸ்பானியத்தில் கோளாறு எதுவும் இல்லை. 'பார்ப்போம், ஒரு நாள் சந்திக்கலாம்' என்று விடைபெறும்போது சொல்வது. நம்மூரில் பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே 'ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள்' என்று சொல்வோமே, அதே எடைதான். அன்பு பொய்யில்லை, நாள் குறிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

உண்மையிலேயே சந்திக்க விருப்பமா என்று சோதிக்க ஒரு சொல் போதும். "குவாந்தோ?" எப்போது என்று கேளுங்கள். "யா தே தீகோ", பிறகு சொல்கிறேன் என்று பதில் வந்தால் நாட்குறிப்பை மூடிவிடலாம். "எல் ஹுவேவேஸ் ஆ லாஸ் சியேத்தே", வியாழன் ஏழு மணி என்று வந்தால், "புவேஸ் ஏமோஸ் கெதாதோ" என்று சொல்லுங்கள். முன்னால் 'மே' வேண்டாம், அதன் 'நாம்' வடிவமான 'நோஸ்' வேண்டாம். எங்கே என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், கல்லருகேயா கரடியருகேயா என்று.